தோட்டத் திடல்களும் பல்கலைக்கழகக் காற்பந்தும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை நாள் தவறாமல் வாசிப்பவன் என்ற உரிமையில் இதனை எழுதுகிறேன். இங்கிலாந்து பிரிமியர் லீக் ஆட்டங்களுக்கு நாள்தோறும் இடம் கிடைக்கிறது. மலேசிய ரப்பர்த் தோட்டங்களில் நம்மவர் ஆடிய காற்பந்துக்கும், இன்று உயர்கல்விக் கழகங்களில் நம் பிள்ளைகள் ஆடும் காற்பந்துக்கும் ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தை, ரப்பரால் வளர்ந்து, எண்ணெய் தரும் செம்பனையால் பிழைக்கும் ஊர். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இருந்தது போலவே திடலும் இருந்தது. விடியற்காலையில் பால் வெட்டப் போய், ஸ்டோரில் நிறுவை முடித்து வந்தவர்கள்தாம் மாலையில் அணியாக நின்றார்கள். தோட்டங்களுக்கு இடையிலான கேடயப் போட்டி என்றால், ஆட்டக்காரர்களையும் அவர்களுக்காகக் கத்தப் போகிறவர்களையும் ஒரே லோரி ஏற்றிச் செல்லும். என் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் அத்தகைய அணியொன்றின் படம் இன்னும் மாட்டப்பட்டிருக்கிறது: முன்வரிசையில் இருவருக்குக் காலணி இல்லை, நடுவில் கேடயம், கீழே மையால் எழுதிய பெயர்களில் பாதி கரையானுக்குப் போய்விட்டது. மீதிப் பெயர்களுக்கு உரியவர்கள் யார் என்று சொல்லக்கூடியவர்கள் இப்போது மிகச் சிலரே.

தேசிய அணியில் நம்மவர் பெயர்கள் ஓங்கி ஒலித்ததும் அந்தத் தலைமுறையின் காலத்தில்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியின் தற்காப்பில் எம். சந்திரன் இருந்தார். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 எனத் தோற்கடித்து மொஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோம். ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால், தகுதி பெற்றவர்கள் விமானம் ஏறவே இல்லை. அக்காலத்தில் நம் கோலைக் காத்த ஆர். ஆறுமுகத்தை, அவருடைய நீண்ட கைகளுக்காக ஸ்பைடர்மேன் என்றே மக்கள் அழைத்தனர். 1988-இல் சாலை விபத்தில் அவரை இழந்தோம். 2010-இல் இந்தோனேசியாவை வென்று தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தைக் கொண்டுவந்த பயிற்றுநர் கே. ராஜகோபாலை இளையோர் அறிவர். ஆறுமுகத்தின் பெயரைச் சொன்னால் எத்தனை பேர் அறிவர் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போயின. மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். திடல்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. ஆட்டக்காரனைக் கண்டெடுத்த அந்த ஏணி இல்லாமற்போன பிறகு, பள்ளியும் உயர்கல்விக் கழகமுமே எஞ்சிய வழி. அது சிறிய வழியன்று. உயர்கல்விக் கழகங்களுக்கெனத் தனிக் காற்பந்து லீக் நடைபெறுகிறது. யூகேஎம் எனப்படும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் அணி, மலேசியாவின் இரண்டாம் நிலை லீக்காக இருந்த பிரிமியர் லீக் வரை வந்து ஆடியிருக்கிறது. 2020-இல் சூப்பர் லீக்கில் நுழைந்த முதல் பல்கலைக்கழக அணி, யூஐடிஎம் எனப்படும் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அணி. அது மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ரா மாணவர்களுக்கானது என்பதால், அங்குப் பட்டப்படிப்புக்கு நம் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் ஒரு பல்கலைக்கழகம் நாட்டின் முதல்நிலை லீக்கைத் தொட முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. எங்கள் ஊரிலேயே யூனிசெல் எனப்படும் சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. படிப்பைக் கெடுக்கும் என்று பந்தைப் பிடுங்கி வைக்கும் பெற்றோர், படிப்போடு சேர்ந்தே ஆட வழியுண்டு என்பதைத் தமிழில் எங்கே படித்துத் தெரிந்துகொள்வார்கள்?

ஆகவே, வாரத்தில் ஒரு நாளேனும் உயர்கல்விக் கழகங்களின் ஆட்ட முடிவுகளையும் அவற்றில் ஆடும் நம் மாணவர்களின் பெயர்களையும் வெளியிடுங்கள். அதே பக்கத்தில் பழைய தோட்ட அணி ஒன்றின் படத்தைப் போட்டு, அடையாளம் தெரிந்தவர்கள் எழுதுமாறு வாசகர்களைக் கேளுங்கள். கோலசிலாங்கூர் வட்டாரத்துப் படங்களை வீடு வீடாகச் சென்று கேட்டு வாங்கி, படியெடுத்து அனுப்பும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காற்பந்து ரசிகன்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.