கிளைச் செயலாளரின் ஆண்டறிக்கை: சாவி இல்லாத அலமாரியும் சரிபார்த்த பட்டியலும்

மதிப்பிற்குரிய கிளைத் தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு நம் கட்சிக் கிளையின் பொதுக்கூட்டத்தில் நீங்கள் புதிய செயலவையைத் தேர்ந்தெடுத்த மறுநாள் என் கைக்கு வந்தவை ஒரு ரப்பர் முத்திரையும் ஓரம் கிழிந்த உறுப்பினர் பட்டியலும்தான். கூட்டக் குறிப்பேடு எங்கே என்று கேட்டேன். அலமாரியில் இருக்கிறது என்றார்கள். அலமாரி பூட்டியிருந்தது. சாவி முன்னாள் பொறுப்பாளர் ஒருவரிடம் இருக்கிறதாம். சரி என்று பள்ளிக்கூட நோட்டு ஒன்றை வாங்கி முதல் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன்.

முதல் வேலையாகப் பட்டியலைச் சரிபார்த்தோம். எல்லாரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, சுற்றி வந்தால் ஒரு காலையில் முடிந்திருக்கும். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயங்களையும் இடித்த பிறகு நம் ஆட்கள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளிலும் அடுக்குமாடிகளிலும் சிதறிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டிரண்டு பேராகக் கதவைத் தட்டினோம். “நான் கட்சியிலா இருக்கிறேன்?” என்று எங்களையே திருப்பிக் கேட்டவர்கள் உண்டு. பிள்ளையின் படிப்புக்கு உதவி வாங்கித் தருவதாகச் சொன்னவரிடம் அடையாள அட்டை நகல் கொடுத்தார்களாம், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் நாங்கள் தேடிப்போனவரின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. பட்டியலில் அவர் சந்தாவைத் தவறாமல் கட்டி வருகிறார். கட்டியது யார் என்பது ஊருக்கே தெரியும். அறிக்கையில் எழுதத் தேவையில்லை.

ஒரு பட்டியலுக்காக இவ்வளவு அலைச்சலா என்று கேட்ட உறுப்பினர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1988 பிப்ரவரியில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம், அன்று மலேசியாவை ஆண்ட கூட்டணியின் தலைமைக் கட்சியான அம்னோவையே சட்டவிரோதச் சங்கம் என்று அறிவித்தது. அதன் கிளைகளில் 30 கிளைகள் முறைப்படி பதிவாகாததுதான் காரணம். ஆளும் கட்சிக்கே அந்த நிலை என்றால் நாம் எந்த மூலைக்கு?

பட்டியல் குளறுபடிக்காகக் கோர்ட்டுக்குப் போகலாம் என்று கொதித்த தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. 1990-இல், கட்சிகளுக்கும் பொருந்தும் சங்கங்கள் சட்டத்தில் 18சி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி, உட்கட்சி விவகாரத்தில் கட்சி எடுப்பதே இறுதி முடிவு, அதை நீதிமன்றம் விசாரிக்க முடியாது. ஆகவே சந்தா கட்டி, கூட்டத்துக்கு வந்து, கை தூக்கித்தான் எதையும் மாற்ற முடியும். வேறு கட்சிக்குப் போய்விடலாம் என்ற பேச்சும் ஒரு கூட்டத்தில் வந்தது. நம் அப்பாக்கள் உட்கார்ந்த நாற்காலியை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பெரும்பாலோர் கேட்டதால் அது அத்துடன் நின்றது.

கிளைகளுக்கு மேலுள்ள கட்சித் தொகுதியில் நம்மைக் ‘கட்டுப்பெட்டிகள்’ என்று பேசிக்கொள்கிறார்கள். தேவாரம் பாடிக் கூட்டத்தைத் தொடங்குகிறோம், விருந்தில் பீர் மேசையை எடுத்துவிட்டோம், சட்டவிதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறோம். கட்டுப்பெட்டி என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மேசையை எடுத்தபின் விருந்துக்கு வந்த கூட்டம் குறைந்தது உண்மை. அதையும் பதிவு செய்கிறேன்.

தொகுதிப் பொதுக்கூட்டத்தில் நம் பேராளர்கள் மண்டப வாடகைக் கணக்கைக் கேட்டார்கள். “பெரியவரிடமே கணக்குக் கேட்கிறீர்களா, இதுதான் நீங்கள் கட்டிக் காக்கும் மரபா?” என்று மேடையிலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். அந்தக் கேள்வி நம் பக்கத்திலேயே பலரை வாயடைக்க வைத்தது. பெரியவர்கள் முன் குரல் உயர்த்தாமல் வளர்ந்தவர்கள் நாம். அப்போது நம் மகளிர் பேராளர் அக்கா எழுந்தார்: “எங்கள் மாமனார் தோட்டத்துக் கோயில் தலைவராக இருந்தவர். திருவிழா முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை, கற்பூரம் வாங்கிய காசு வரைக்கும் சன்னதியில் நின்று வாசிப்பார். அவரிடம் யாரும் கணக்குக் கேட்டதில்லை. கேட்கும்படி வைத்துக்கொண்டால் அதுதான் அவமானம் என்று நினைத்தவர்.” மண்டபம் கொஞ்ச நேரம் அடங்கியது. கணக்கு இன்னும் வரவில்லை, அது வேறு விஷயம்.

1960-இல், தொழிலாளர் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, அன்றைய ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் துண்டாடலில் வேலை போய்விடுமோ என்று பயந்திருந்த ஜனங்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் போட்டார்கள். என் அப்பா அந்த ரசீதுகளை மஞ்சள் துணியில் முடிந்து சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். பணம் கொடுத்தவன் ரசீது கேட்பதை அந்தக் காலத்தில் யாரும் மரியாதைக் குறைவு என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

தொகுதித் தேர்தலில் நம் கிளை நிறுத்திய மூவரில் ஒருவர்தான் செயலவைக்குள் நுழைந்தார். முதல் நாள் இரவு உறைகள் கைமாறியதாகப் பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை, அதனால் நடந்ததாக எழுதமாட்டேன்.

இளைஞர் விஷயத்தில் நாம் தோற்றுவிட்டோம். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பியவர்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். கட்சிப் பட்டியலில் அப்படி யாரும் தானாக வந்து சேர்வதில்லையே. இந்த ஆண்டு சேர்ந்த சிலரும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான், அதுவும் அம்மா திட்டியதால். கூட்டத்தை இரவு ஒன்பது மணி வரை இழுத்தால் அவர்கள் வரமாட்டார்கள் என்று ஒரு தம்பி சொன்னார். இன்றைய கூட்டம் அதற்காகத்தான் காலையில்.

பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரம் போயாக வேண்டும். ஆகவே பட்டியலில் திருத்தம் உள்ளவர்கள் பசியாறப் போகும் முன் என்னைப் பார்த்துவிடுங்கள். அடுத்துப் பொருளாளர் கணக்கு வாசிப்பார். தேநீர்த்தூள் வரைக்கும் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அலமாரிச் சாவிக்காக மூன்று முறை கடிதம் எழுதினேன். பதில் இல்லை. பூட்டை உடைக்கலாமா கூடாதா என்பதை இந்தப் பொதுக்கூட்டம்தான் முடிவு செய்ய வேண்டும். நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக வைத்திருக்கிறேன்.

இவ்வறிக்கையை முன்மொழிந்து, வழிமொழிந்து ஏற்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி.

கிளைச் செயலாளர்