பல்பை எடுக்கும் முன்

சைதாப்பேட்டை
ஞாயிறு, மதியம்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் "ம், ம்" என்று கேட்டுவிட்டுப் பாதியை மறந்துவிடுவாய் என்பதால் எழுத உட்கார்ந்தேன். இண்டக்ஷன் அடுப்பைத் தூக்கிப் போடாதே. நான் சொல்லும்வரை மாப்பிள்ளையையும் அதன் பக்கம் விடாதே. ஃபியூஸ் போனதற்கு அவர் செம்புக் கம்பியை முறுக்கி வைத்ததையும், பிளக்கைச் சொருகியவுடன் வீடே இருண்டதையும் நீ சொன்னபோது சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் நெஞ்சு படபடத்தது. நான் சிரித்ததை அவரிடம் சொல்ல வேண்டாம்.

ஃபியூஸ் கண்ணாடி உள்ளே கருத்துப்போயிருந்தது என்றாய் அல்லவா, பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால், ஃபியூஸ் வயதாகிப் போயிருக்கலாம். கருத்திருந்தால் உள்ளே ஏதோ ஷார்ட் ஆகியிருக்கிறது. அப்போது ஃபியூஸை மாற்றுவதில் பயனே இல்லை.

நம் இரண்டு அடுப்பும் ஒரே தீபாவளிக்கு ஒரே கடையில் வாங்கியவை. என்னுடையது ஆடி மாதமே போய்விட்டது. உன்னிடம் சொல்லியிருந்தால் அன்றிரவே புதிதாக ஒன்றை ஆர்டர் செய்திருப்பாய், அதனால்தான் மூச்சு விடவில்லை. சர்வீஸ் ஆள் வந்தார். ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. "போர்டு போய்விட்டதம்மா, முழுசாக மாற்ற வேண்டும்" என்றார். அவர் சொன்ன விலைக்கு மேல் கொஞ்சம் போட்டால் புது அடுப்பே வந்துவிடும். கிண்டி தொழிற்பேட்டையில் 1986 முதல் பதினொரு வருடம் டி.வி. போர்டுகளுக்கு ஈயம் வைத்தவளிடம் வந்து இதைச் சொல்கிறார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அடுப்புக்குள் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட், நான்கு டயோடு சேர்ந்த பிரிட்ஜ் என்ற துண்டின் வழியாக நேர்மின்சாரமாகிறது. உச்சத்தில் அது சுமார் 325 வோல்ட். அதைச் செம்புச் சுருளுக்குள் விநாடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் குழாயைப்போலத் திறந்து திறந்து மூடுவது ஐ.ஜி.பி.டி. சூட்டை இழுக்கும் அலுமினிய ஹீட் சிங்க்கில் திருகியிருக்கும் மூன்று கால் கறுப்புத் துண்டுதான் அது. சுருளும் பக்கத்துக் கெப்பாசிட்டரும் ஊஞ்சல் ஆடுவதுபோல ஆடி, அதன் தலையில் ஆயிரம் வோல்ட் வரை ஏற்றும். 1200 வோல்ட் தாங்கும் சரக்கைப் போடுவது அதற்காகத்தான். இ.சி.இ. படித்தவளுக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கிறது. நீதான் எக்செல் பார்க்கப் போய்விட்டாயே.

மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து ஐ.ஜி.பி.டி.யின் கால்களைத் தொட்டேன். எந்தக் காலைத் தொட்டாலும் பீப், அதாவது உள்ளே ஷார்ட். பிரிட்ஜ் நன்றாக இருந்தது. மெட்ரோவில் ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவில் ஒரு ஐ.ஜி.பி.டி. வாங்கி வந்து போட்டேன். கையில் வேலை ஓடுகிறது என்ற கர்வத்தில் நேராக பிளக்கைச் சொருகினேன். பாத்திரத்தை வைத்து ஆன் செய்ததும் டப் என்று ஒரு சத்தம். புதுச் சரக்கு இரண்டு விநாடிகூட உயிரோடு இல்லை. ஃபியூஸும் கூடவே போனது. பக்கத்து வீட்டம்மா என்ன வெடித்தது என்று எட்டிப்பார்த்தார். குக்கர் என்றேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அது தானாகச் சாகவில்லை, எதுவோ அதைக் கொல்கிறது என்பது எங்கள் லைன் சூப்பர்வைசர் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போர்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். சுருளின் பக்கத்திலிருந்து, எல்லாவற்றுக்கும் கட்டளையிடும் ஐ.சி.க்குப் போகும் வழியில் இரண்டு ரெசிஸ்டர்கள், சற்றுத் தடித்தவை. ஆரஞ்சு, ஆரஞ்சு, மஞ்சள், ஓரத்தில் தங்கம். சின்ன வயதில் என் மேஜைக்கடியில் உட்கார்ந்து நிறம் பார்த்துப் பிரிப்பாயே, அதே வரிசை. 330 கிலோ ஓம். ஒன்று சரியாகக் காட்டியது. மற்றது 610. கருகவில்லை, வெடிக்கவில்லை, நிறம்கூட மங்கவில்லை. போர்டில் இருக்கும்போது ரெசிஸ்டரை அளந்தால், பக்கத்து வழிகளும் சேர்வதால் மதிப்பு குறைவாகக் காட்டலாம், அதை நம்ப வேண்டாம். கூடுதலாகக் காட்டினால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், அது கெட்டதுதான்.

சுருளின் மின்னழுத்தம் எப்போது இறங்குகிறது என்று ஐ.சி.க்கு ஒற்றுச் சொல்வது அந்த இரண்டும்தான். அழுத்தம் கீழே வந்த நேரத்தில்தான் ஐ.ஜி.பி.டி. திறக்க வேண்டும். ஒற்றன் பொய் சொன்னால் அழுத்தம் மேலே இருக்கும்போதே திறந்து, வெந்து, வெடிக்கும். உன் அடுப்பிலும் இதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒரே காலத்தில் வந்த ஒரே மாதிரி போர்டு என்பதால் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

நாளை கூரியரில் ஒரு பொட்டலம் வரும். 330 கிலோ ஓம் நான்கு, ஃபியூஸ் இரண்டு, ஒரு ஐ.ஜி.பி.டி., சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசை ஒரு டியூப். ஐ.ஜி.பி.டி.யின் கால்களில் அலுமினியத் தாள் சுற்றியிருக்கிறேன். ஈயம் வைக்கும்வரை பிரிக்காதே, கையில் இருக்கும் நிலைமின்சாரமே அதைக் கொன்றுவிடும். பழைய சரக்கில் பெயரை அழித்துப் புதிதாக அச்சடித்து விற்பவர்களும் உண்டு. அதனால் 9 வோல்ட் பேட்டரியை, கேட் என்ற கட்டுப்படுத்தும் காலுக்கும் எமிட்டர் காலுக்கும் நடுவில் தொட்டு, திறக்கிறதா, கேட்டையும் எமிட்டரையும் சேர்த்ததும் மூடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஈயம் வைக்கும் உன் 25 வாட் அயர்ன் இதற்குப் போதாது. போர்டின் தடித்த செம்புத் தடத்தில் ஈயம் உருகாமல் நீ அழுத்த, தடமே பெயர்ந்து வந்துவிடும். 60 வாட் ஒன்று வாங்கிக்கொள்.

இனிச் சொல்வதை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. பிளக்கைப் பிடுங்கியபின் ஐந்து நிமிடம் விட்டுத்தான் கையை வை. பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சம் இருக்கிறதா என்று மீட்டரால் பார். பிளக் சொருகியிருக்கும்போது அந்த அலுமினியத் துண்டைச் சும்மா இரும்பு என்று நினைத்துவிடாதே, ஐ.ஜி.பி.டி.யின் முதுகு வழியாக அதிலும் மின்சாரம் ஓடும். முதல் தடவை ஆன் செய்யும்போது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையில், அதாவது அடுப்புக்குப் போகும் மின்சாரம் அதன் வழியாகவே போகும்படி சீரியலாக, போட வேண்டும். எல்.இ.டி. பல்பு உதவாது. பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் ஷார்ட் இருக்கிறது, பிடுங்கிவிடு. பளிச்சென்று ஒருமுறை மின்னி அணைந்தால் நல்ல சகுனம். பாத்திரம் வைத்து ஆன் செய்தால் பல்பு எரிந்து மங்கி எரிந்து மங்கித் துடிக்கும். தண்ணீர் சுடாது, அதற்காகக் கவலைப்படாதே. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அந்தப் பல்பு காப்பாற்றுவது போர்டைத்தான், உன் கையை அல்ல.

பல்பை எடுத்துவிட்டு நேராகச் சொருகும் முன் எனக்கு வீடியோவில் கூப்பிடு. போர்டைக் காட்டு, ஈயம் வைத்த இடங்களை நான் ஒருமுறை பார்க்க வேண்டும். எந்த நேரம் என்றாலும் எடுப்பேன். இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை மட்டும் வேண்டாம். அது வேறு சீரியல்.

அன்புடன்,
அம்மா