அந்த சொட்டு மருந்தைத் தூக்கிப் போடுடா

டேய் மாப்ள,

உன் லெட்டர் வந்துச்சு. பாப்பாவுக்கு நர்சிங் சீட் கெடைச்சதுல ரொம்ப சந்தோஷம். இங்க அம்மாவுக்கு மூட்டு வலி, வேற ஒண்ணும் புதுசா இல்ல. ஆனா கடைசில போறபோக்குல ஒண்ணு எழுதியிருந்த பாரு, வெல்டிங் பசங்களுக்குக் கண்ணு உறுத்துனா ஊத்திக்க பட்டறைல ஒரு சொட்டு மருந்து வச்சிருக்கேன், ஊத்துன உடனே வலி பறந்துருதுன்னு, அதப் படிச்சதுல இருந்து எனக்கு இருப்பே கொள்ளல. பாட்டில்ல ப்ரோபாராகெயின்னு போட்டிருக்கா பாரு. இருந்தா மொதல்ல தூக்கிப் போடு, மிச்சத்த அப்புறம் படி.

அது மரத்துப்போற மருந்துடா. நாங்க ஆஸ்பத்திரில கண் பிரஷர் பாக்கவும், இரும்புத் துகள் எடுக்கவும் ஊத்துறது. அரை நிமிஷத்துல மரத்துரும், கால் மணி நேரம் போல நிக்கும். 1884ல வியன்னால கார்ல் கோலர்னு ஒரு டாக்டர் கொக்கெய்ன வச்சு ஆரம்பிச்ச வழி இது, அதுக்கு முன்னாடி கண் ஆபரேஷன்னா எப்படிக் கத்தியிருப்பானுங்கன்னு நெனச்சுப் பாரு. நல்ல மருந்துதான், வீட்டுக்குக் குடுத்தனுப்புற மருந்து மட்டும் இல்ல.

வெல்டிங் வெளிச்சம் பட்டா ராத்திரிதான கண்ணுல மண்ண அள்ளிப் போட்ட மாதிரி வலிக்கும், அது கருவிழியோட மேல்தோல் வெந்து போறது, சும்மா விட்டாலே பெரும்பாலும் ரெண்டு நாளுக்குள்ள ஆறிடும். இந்த மருந்த ஊத்திக்கிட்டே இருந்தா புது செல் வளந்து புண்ண மூடவே விடாது, இமைக்கிறதும் கொறஞ்சு கண்ணு காஞ்சு புண்ணு பெருசாகும், மருந்து எறங்குனதும் வலி முன்ன விட ஜாஸ்தியா வரும், அப்ப திரும்ப ஊத்தாம எவன் இருப்பான் சொல்லு.

எங்ககிட்ட ஒரு லேத் பட்டறைப் பையன் வந்தான், கல்யாணம் கூட ஆகல. கருவிழில வெள்ளையா ஒரு வளையம். அமீபா கிருமி வந்தாலும் இப்படித்தான் இருக்கும்னு சுரண்டி டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க, ஒரு கிருமியும் வளரல, என்ன மருந்து குடுத்தும் கேக்கல. வேற எதாச்சும் ஊத்துறியான்னு டாக்டர் கேட்டா இல்லவே இல்லன்னான். அப்புறம் ஒருநாள் ராத்திரி செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்து ஊத்திக்கிறத நர்ஸம்மா பாத்துட்டாங்க, லுங்கி மடிப்புல பாட்டில். அவனத் திட்டவும் மனசு வரல, அந்த வலி அப்படி. அதப் புடுங்கிட்டு வலி மாத்திரை, ஆன்டிபயாட்டிக் எல்லாம் குடுத்து, பிரசவத்துல வர்ற பனிக்குடச் சவ்வ வச்சுத் தைச்சாங்க. புண்ணு மூடிருச்சு, ஆனா நடுக் கருவிழில தழும்பு. அந்தக் கண்ணுல இப்ப கைய ஆட்டுனா தெரியும், அவ்ளோதான். இனி எவராச்சும் தானம் குடுத்த கருவிழி வச்சுத்தான் மாத்தணும்.

நம்மூர் மெடிக்கல்ல சீட்டு இல்லாமயே இதத் தூக்கிக் குடுத்துருவானுங்க, அதான் கொடும.

பசங்க டாக் அடிக்கறப்ப, அதான் இரும்பு நகராம இருக்க அங்கங்க சின்னதா வெல்டு வைக்கறப்ப, ஒரு செகண்டுதானன்னு ஷீல்டு இல்லாம கண்ண இறுக்கி மூடிட்டு அடிப்பானுங்க இல்ல, அத நிறுத்து. கிரைண்டிங்குக்கு நல்ல கண்ணாடியா வாங்கிப் போடு. துகள் விழுந்தா துணி முனைல எடுக்கிற ஆளையெல்லாம் கிட்ட சேர்க்காத. அப்புறம் கண்ணு செவப்பாவே இருக்குன்னு ஒரு பையனப் பத்தி எழுதியிருந்தியே, அவன நாளைக்கே பஸ் ஏத்தி என்கிட்ட அனுப்பு. மருந்து ஊத்துறியான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவான், பாக்கெட்டத் தடவிப் பாத்துட்டு ஏத்து.