எக்கோ ரிப்போர்ட்டில் தமிழில் இரண்டு வரி: இதய மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இதய மருத்துவர்களுக்கும் எக்கோ எடுக்கும் டெக்னீஷியன்களுக்கும் வணக்கம்.

போன வருடம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்த பிளாஸ்டிக் கவருக்குள் எக்கோ ரிப்போர்ட், அதாவது ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்த அறிக்கை. வழவழ தாளில் விசிறி மாதிரி ஒரு கருப்புப் படம், கீழே 'ஈ.எஃப். 38%', அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். வட்டம் போட்டவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, பின்னால் பதினைந்து பேர் காத்திருந்தார்கள்.

ஆட்டோவில் அப்பா கேட்டார்: "ஏம்மா, முப்பத்தஞ்சுதானே பாஸ் மார்க்? தப்பிச்சிட்டேன் போல." அம்மாவோ இதயத்தில் 62 சதவீதம் செத்துப்போய்விட்டது என்று முடிவு கட்டி, மூன்று நாள் சமையலறையில் தனியாக அழுதிருக்கிறாள்.

நான்கு வாரம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோதுதான் ஓர் இளம் டாக்டர் மருந்துச் சீட்டைத் திருப்பிப்போட்டுக் கணக்கு எழுதிக் காட்டினார். நல்ல இதயத்தின் இடது கீழறை நிரம்பும்போது சுமார் 120 மில்லி ரத்தம் இருக்கும். ஒரு துடிப்பில் 70 மில்லி வெளியே போகும், மீதி 50 உள்ளேயே நிற்கும். 120-க்கு 70 என்றால் 58 சதவீதம், அதுதான் ஈ.எஃப். "நூறு யாருக்கும் கிடையாதும்மா. எனக்கே அறுபதுதான் இருக்கும்" என்றார். அம்மா அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

இந்த எண் 50-ம் அதற்கு மேலும் என்றால் பொதுவாகக் கவலையில்லை, 41 முதல் 49 வரை லேசான குறைவு, 40-ம் அதற்குக் கீழும் பம்பிங் குறைவு. அப்பா சொன்ன 35-க்கும் ஒரு பொருள் உண்டு என்பது அப்புறம்தான் தெரிந்தது. அடைப்பை நீக்கி, சில மாதம் மருந்து சாப்பிட்ட பிறகும் எண் 35-ஐத் தாண்டவில்லை என்றால், திடீர்த் துடிப்புக் கோளாறிலிருந்து காப்பாற்ற மார்பில் ஐ.சி.டி. கருவி வைப்பது பற்றி நீங்கள் யோசிப்பீர்களாம். மாரடைப்பு வந்த கையோடு எடுத்த எண்ணை வைத்து முடிவு செய்ய மாட்டீர்களாம். ரத்தம் கிடைக்காமல் மரத்துப்போன தசை, சில வாரங்களில் மறுபடி வேலை செய்ய வாய்ப்பிருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை டிஸ்சார்ஜ் அன்றே யாராவது சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் மாதம் வேறோர் இடத்தில் எக்கோ எடுத்தோம். 45. வீடே சந்தோஷப்பட்டது. சித்தப்பா உடனே, "அப்ப மாத்திரையைக் குறைச்சிடலாமே" என்றார். நல்லவேளையாக டாக்டரிடம் கேட்டோம். தேறியிருப்பது அந்த மாத்திரைகளோடுதான், ஒன்றையும் நிறுத்தக் கூடாது என்றார். அதோடு, எடுப்பவர் மாறினாலே ஐந்து புள்ளி ஏறி இறங்கலாம் என்றும் சொன்னார். ஒருவர் இரண்டு கோணங்களில் அறையின் உள்ளோரத்தை வரைந்து சிம்ப்சன் முறையில் கணக்கிடுவார், இன்னொருவர் பழகிய கண்ணால் பார்த்தே மதிப்பிடுவார். ஒரே கோட்டில் அளக்கும் பழைய எம்-மோடும் இன்னும் சில இடங்களில் உண்டு. அப்பாவுக்கு இருப்பதுபோல் சுவரில் ஒரு பகுதி மட்டும் சரியாக அசையவில்லை என்றால் அந்த ஒற்றைக் கோடு ஏமாற்றிவிடும். எங்கள் இரண்டு ரிப்போர்ட்டிலும் எந்த முறை என்று எழுதவில்லை.

என் அத்தை கதை இதற்கு நேர்மாறு. ஈ.எஃப். 62, 'நார்மல்'. ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சிரைக்கும், இரவில் மூன்று தலையணை வேண்டும், சாயங்காலம் கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி நிற்கும். சர்க்கரையும் பி.பி.யும் இருபது வருடத் துணை. "ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு" என்று அவர் பிள்ளைகளே அலுத்துக்கொண்டார்கள். அவருடைய இதயம் நன்றாகச் சுருங்குகிறது. விறைத்துப்போனதால் விரிந்து ரத்தத்தை வாங்கத்தான் சிரமப்படுகிறது. இதயம் திணறுவதைக் காட்டும் என்.டி. ப்ரோ-பி.என்.பி. ரத்தப் பரிசோதனையில் எண் எகிறிய பிறகே இதுவும் இதயச் செயலிழப்பு என்று சிகிச்சை தொடங்கியது. அதற்குள் எட்டு மாதம் போய்விட்டது.

உங்களுக்கு நேரமில்லை என்று தெரியும். ஒரு நாளில் எத்தனை எக்கோ எடுக்கிறீர்கள் என்பதை அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அதனால் விளக்கவுரை கேட்கவில்லை. மாத்திரைக் கவரில் காலை, மதியம், இரவு என்று தமிழில் கட்டம் இருக்கிறதே, அதுபோல ரிப்போர்ட்டின் அடியில் இரண்டு வரி அச்சடித்துவிடுங்கள். 'நல்ல இதயத்துக்கே இது 55 முதல் 70 வரைதான் இருக்கும்' என்று ஒன்று. 'எண் நன்றாக இருந்தாலும் மூச்சிரைப்போ கால் வீக்கமோ இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்' என்று இன்னொன்று. பக்கத்தில் எந்த முறையில் அளந்தது என்று டிக் அடிக்க ஒரு கட்டம். ரப்பர் ஸ்டாம்ப் போதும்.

அடுத்த மாதம் அப்பாவுக்கு மறுபடி எக்கோ. பழைய ரிப்போர்ட் இரண்டையும் அதே கவரில் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை அந்த 45 எடுத்த இடத்துக்கேதான் போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்