மைதானத்துக்கும் ஓர் ஐஸ் பெட்டி வேண்டும்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், ஊர்தோறும் கபடிப் போட்டி நடத்தும் விழாக் குழுவினருக்கும் வணக்கம்.

குறுவட்டப் போட்டிகள் தொடங்குமுன் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். தொண்டி முதல் வாலிநோக்கம் வரை மீன் இறங்கும் ஊர்களில் ஐஸ் கட்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால், வெயில் தாக்கி விழும் பிள்ளையை உடனே குளிர்விக்க, பிள்ளைகள் ஓடுகிற மைதானத்தில் ஓர் ஐஸ் பெட்டியை என் பணிக்காலம் முழுவதும் நான் கண்டதில்லை. நானும் வைத்ததில்லை.

ஒரு ஜூலை மாதக் காலை, 1500 மீட்டர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில், என் மாணவன் ஒருவன் தடத்தை விட்டு விலகி வேலியை நோக்கி ஓடினான். பிடித்து நிறுத்திப் பெயரைக் கேட்டால் அண்ணன் பெயரைச் சொன்னான். என் கையைத் தட்டிவிட்டான். சட்டை தொப்பலாக நனைந்திருந்ததால், "வேர்க்கிறதே, வெயில் தாக்கியிருக்காது" என்று சொன்னவன் நான்தான். ஒருவர் சோடா கொண்டுவந்தார். இன்னொருவர் வலிப்பென்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். வண்டி வரும்வரை மரத்தடியில் கிடத்தி விசிறிக்கொண்டிருந்தோம். பையன் பிழைத்துக்கொண்டான், அதில் எங்கள் சாமர்த்தியம் எதுவுமில்லை.

பின்னர்தான் விவரம் தெரிந்துகொண்டேன். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறுவதோ, காரணமின்றிச் சினப்பதோ, தள்ளாடி விழுவதோ தென்பட்டால் அது ஹீட் ஸ்ட்ரோக், அதாவது உயிருக்கே ஆபத்தான வெப்பத் தாக்கு. ஓடியாடும்போது வருகிற இவ்வகையில் வியர்வை நிற்காமலேயே இருக்கக்கூடும். நெற்றியிலும் அக்குளிலும் பார்க்கும் வெப்பமானி உள்வெப்பத்தைக் குறைத்துக் காட்டுமாதலால் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. பாராசிட்டமால் மாத்திரை இதற்கு உதவாது. நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீரோ பதநீரோ ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

உடனே செய்ய வேண்டியது ஒன்றே. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் அந்த நிமிடமே குளிர்விக்கத் தொடங்க வேண்டும், ஏனெனில் முதல் அரை மணி நேரத்திற்குள் வெப்பம் இறங்குவதைப் பொறுத்தே மூளையும் சிறுநீரகமும் கல்லீரலும் தப்புகின்றன. பெரிய தொட்டி இல்லாவிட்டால், படகை மூடும் தார்ப்பாய் போதும்: பிள்ளையை நடுவில் கிடத்தி, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கித் தூளி போலப் பிடித்துக்கொள்ள, ஐஸையும் தண்ணீரையும் கொட்டிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்; தலை மட்டும் வெளியே இருக்கும்படி ஒருவர் தாங்கிப் பிடிக்கட்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பெரும்பாலும் வெப்பம் இறங்கிவிடும். ஐஸே இல்லையென்றால், நிறுத்தாமல் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

வராமல் காப்பதற்கு வருகிறேன். கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் வானிலை ஆய்வு மையம் வெப்ப அலை என்கிறது. 2024-இல் தமிழக அரசு அதை மாநிலப் பேரிடராகவும் அறிவித்தது. அறிவிப்பு வராத 34 டிகிரி நாளில்கூட, காற்று விழுந்து புழுக்கம் ஏறிவிட்டால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், உடம்பு குளிராது. கோடை விடுமுறையில் வீட்டு நிழலில் இருந்துவிட்டு ஜூனில் திரும்பும் பிள்ளையின் உடல் வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்குமென்பதால், முதல் நாளே முழு ஓட்டம் விடாதீர்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டவனை அன்று ஓடவே விட வேண்டாம். தாமதமாக வந்ததற்குத் தண்டனையாகப் பத்துச் சுற்று ஓடவிடும் வழக்கத்தை (நானும் அதைச் செய்தவன்தான்) அடியோடு விட்டுவிடுங்கள். மோரும் உப்பிட்ட நீராகாரமும் நல்லவைதான், ஆனால் தாகத்திற்கு மேல் வெறும் தண்ணீரைக் குடிக்கச்சொல்லி வற்புறுத்தினால் இரத்தத்தில் உப்பு குறைந்து வேறோர் ஆபத்து வரும்.

எனவே போட்டிக்கு இடம் குறிக்கும்போதே, ஐஸ் எங்கிருந்து வரும், தார்ப்பாய் யாரிடம் இருக்கும், அதைப் பிடிக்கப் போகும் நால்வர் யார் என்பதையும் ஏற்பாட்டுத் தாளில் எழுதிவிடுங்கள். பெட்டி வாங்க இயலாத பள்ளி இருந்தால், என்னிடம் பழைய ஐஸ் பெட்டி ஒன்று இருக்கிறது, எடுத்துச் செல்லலாம். எத்தனை முறை கழுவியும் மீன் வாடை மட்டும் போகவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
கீழக்கரை வட்டம்.