ரிப்பீட்டர் அடையாளம்: ஈப்ராம் எழுதும் முன் படிக்கவும்

ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களுக்கு வணக்கம். மலைமேல் இருக்கும் பழைய ரிப்பீட்டர், அதாவது நம் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி, தன் கால்சைனை (நிலையத்தின் அடையாளப் பெயரை) மோர்ஸில் ஒலிக்கும். அந்த அடையாளத்தை மாற்றும் வேலை இந்த ஞாயிறு மதுரையில். புது கன்ட்ரோலர் வாங்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். இருக்கும் போர்டு நன்றாகத்தான் ஓடுகிறது, அடையாளம் எழுதியிருக்கும் ஈப்ராம் சிப்பை (புற ஊதா ஒளியில் அழித்து மறுபடி எழுதக்கூடிய நினைவகம்) மட்டும் மாற்றினால் போதும்.

சிப்பில் மோர்ஸை எழுதும்போது புள்ளிக்கு ஒரு பிட், கோட்டுக்கு மூன்று. ஒரு எழுத்துக்குள் இடைவெளி ஒன்று, எழுத்துகளுக்கு நடுவே மூன்று. நம் கால்சைனின் தொடக்கமான வி.யு.2 என்பதற்கே 37 பிட் ஆகிறது. நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு பிட் 60 மில்லி செகண்ட், ஆக 2.2 செகண்ட். வேகம் போர்டில் உள்ள 555 டைமர் ஐசியின் கையில், அதற்காக சிப்பைத் தொட வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அழித்த ஈப்ராமில் எல்லா பிட்டும் 1. நம் போர்டில் 1 வந்தால் டோன் ஒலிக்கும். மீதி இடத்தை 0 போட்டு நிரப்பாவிட்டால், கால்சைன் முடிந்ததும் 'பீ...' என்று இழுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் அதற்காக யார் மலை ஏறுவது?

எழுதியதும் கண்ணாடி ஜன்னல்மேல் வெளிச்சம் புகாத ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் எழுதியது அழிந்துவிடும், மதுரை வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

சிப்பை அழிக்கும் புற ஊதா விளக்குப் பெட்டி வைத்திருப்பவர்கள் கொண்டுவரவும். காலி 2716 ஈப்ராம் சிப் பழைய போர்டுகளில் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள். வருகிறவர்கள் சனி இரவுக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.

73 (ஹாம் வழக்கில் 'வாழ்த்துகள்')