வசந்தி, அந்த சிலை மனுஷன ஞாபகம் இருக்கா?

அடியே வசந்தி,

ஏழு மாசமா உன் மெசேஜுக்கு பதில் போடல, நல்லா திட்டிக்கோ. ஆடித் தள்ளுபடியில ஆரம்பிச்சு தீபாவளி, கிறிஸ்மஸ், பொங்கல்னு கடையில சீசன் மேல சீசன், வீட்டுக்கு வந்தா கால தூக்கி செவுத்துல சாச்சுட்டு படுக்கத்தான் தோணுது. அம்மா நல்லா இருக்காங்க. மாமனார் அப்படியேதான் இருக்காரு, சொல்ல ஒண்ணும் இல்ல.

விஷயம் என்னன்னா போன வாரம் நான் வொண்டர்லா போனேன்டி. சிரிக்காத! மகளோட மொத சம்பளம், பொங்கல் சேல்ஸ் முடிஞ்ச கையோட "ஒரு நாள் லீவு போடும்மா"ன்னு இழுத்துட்டுப் போயிட்டா. திருப்போரூர் பக்கம் இள்ளலூர்ல இருக்கு, 2025 டிசம்பர்லதான் தொறந்தாங்க. 64 ஏக்கர், 43 ரைடு, 611 கோடி செலவாம். உள்ளாட்சி கேளிக்கை வரி தகராறுல பல வருஷம் இழுத்துகிட்டே கெடந்த பார்க்கு இது. அதுல தஞ்சோரான்னு ஒரு ரோலர் கோஸ்டர், தஞ்சாவூர வெச்சு பேரு, செஞ்சது சுவிட்சர்லாந்து கம்பெனி. மத்ததுல தண்டவாளத்துக்கு மேல வண்டி ஓடும்ல, இதுல தண்டவாளம் தலைக்கு மேல, நாம கீழ தொங்கணும், காலுக்கு அடியில தரையே கெடையாது. இந்தியாவுலயே இந்த மாதிரி இதுதான் மொதல்னு மக பெருமையா சொல்றா, என்னமோ இவளே கட்டுன மாதிரி.

நான் ஏறல. கீழ பெஞ்சுல உக்காந்துட்டேன். வண்டி வருது, எல்லாரும் கத்துறாங்க, எனக்கு அவங்க மூஞ்சியே கண்ணுல படல, வரிசையா தொங்குற காலுதான் தெரியுது. செருப்பில்லாத காலு, ஷூ போட்ட காலு, எந்த பாரமும் இல்லாம ஆடிட்டே போற காலு. சத்தியமா சொல்றேன், பொறாமையா இருந்துச்சு.

வரும்போது பஸ்ல மக ஃபோன்ல படிச்சு சொல்லிட்டே வந்தா. வொண்டர்லா ஓனர் சிட்டிலப்பிள்ளி, வீ-கார்டு ஸ்டெபிலைசர் வித்தவராம். 2000ல கொச்சியில வீகாலேண்ட்னு ஆரம்பிச்சு, 2005ல பெங்களூரு, அப்புறம் ஹைதராபாத்துன்னு போயிருக்காரு. நான் விடுவேனா? கிஷ்கிந்தா பார்க்கு கதைய எடுத்து விட்டேன். 1995ல தாம்பரத்துல 120 ஏக்கர்ல அத தொறந்த நவோதயா அப்பச்சன், 1984ல குட்டிச்சாத்தான் படத்த 3டியில எடுத்தவரு, கண்ணாடி மாட்டிட்டு பாத்தோமே, ஐஸ்கிரீம் மூஞ்சிகிட்ட வந்ததும் நீ நாக்க நீட்டுனியே, அந்தப் படம்தான். விஜிபி பார்க்கு தொறந்த அண்ணன் தம்பிங்க ரேடியோ, ஃபேனுன்னு தவணைக்கு வித்தவங்க. ஸ்டெபிலைசர் வித்தவரு, படம் எடுத்தவரு, தவணைக்காரங்க, எல்லாருக்கும் கடைசியில ராட்டினம் சுத்துறதுலதான் ஆசை போயிருக்கு பாரேன்.

கிஷ்கிந்தாவுக்கு கூட்டிட்டுப் போகலன்னு 96 டூர்ல நீ பஸ்ஸுல போட்ட ரகளைய இன்னும் மறக்கல. அதுக்கு பதிலா வண்டலூர், மகாபலிபுரம், கடைசியா விஜிபி கோல்டன் பீச். அங்கதான் நீ ஆடுன.

இத்தன வருஷம் நான் உங்கிட்ட சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. அசையாம, சிரிக்காம சிலை மாதிரியே நின்னாரே, அந்த சிலை மனுஷன் முன்னாடி நீ கணக்கு டீச்சர் மாதிரி மூக்குக் கண்ணாடிய தள்ளி தள்ளி இருவது நிமிஷம் ஆடுன, கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுது, சிரிக்க வெச்சா பரிசுன்னு வேற சொல்லிட்டாங்களா, நீ விடுறதா இல்ல. லண்டன் அரண்மனை காவலாளிங்கள பாத்துட்டு வந்துதான் விஜிபி ஓனர் பன்னீர்தாஸ் இப்படி ஒருத்தர நிக்க வெச்சாராம். லண்டன் குளிரு வேற, ஈஞ்சம்பாக்கம் ஏப்ரல் வெயில் வேற! தலப்பா, நீள கோட்டு, பெரிய மீச. நீங்கெல்லாம் அலை பாக்க ஓடுனீங்க, எனக்கு செருப்பு வாரு அறுந்து போச்சு, சேஃப்டி பின்ன குத்திகிட்டு அங்கயே குந்திட்டேன். அப்ப பாத்தேன். தலப்பாக்கு அடியில இருந்து ஒரு சொட்டு வேர்வ கெளம்பி புருவத்துல வந்து நின்னுச்சு. அப்புறம் கண் ஓரமா எறங்கி, மூக்கு நுனியில போயி தொங்குது, தொங்குது, விழவே மாட்டேங்குது. எனக்கு மூக்கு அரிக்குதுடி. அந்தாளு அசையல. எந்திரிச்சு துப்பட்டாவால தொடச்சி விட்டுடலாமான்னு தோணுச்சு, நீங்க பாத்தா கிண்டல் பண்ணுவீங்கன்னு ஓடி வந்துட்டேன்.

சொட்டு விழுந்துச்சா இல்லையான்னு தெரியாமலே முப்பது வருஷம் ஆச்சு.

இப்ப ஏன் இந்தக் கத? பதினாலு வருஷமா நானும் அதே வேலதான் பாக்குறேன். காலையில பத்துல இருந்து ராத்திரி ஒம்பதர வரைக்கும் பட்டு செக்‌ஷன்ல நிக்கிறேன், என்ன ஒண்ணு, எனக்கு சிரிக்கணும். வித்தியாசம் அவ்ளோதான். முழங்காலுக்குப் பின்னாடி நரம்பு மண்புழு மாதிரி சுருட்டிகிட்டு நீலமா நிக்குது, டாக்டர் "நிக்காதீங்க"ன்னு சொல்லிட்டு ஃபீஸ் வாங்கிட்டாரு. கடையில வேல செய்யுறவங்களுக்கு உக்கார இடம் தரணும்னு 2021ல நம்ம கவர்மெண்ட்டு சட்டமே போட்டுச்சு, கேரளாவுல 2018லயே வந்தாச்சு. எங்க கடையிலயும் ஸ்டூல் வந்துச்சு. கவுண்டருக்கு அடியில இருக்கு, அது மேல ஜாக்கெட் பிட் டப்பா அடுக்கியிருக்கு. ஆள் இல்லாதப்ப உக்காரலாம்னாங்க, ஆள் இல்லாத நேரம் எது, நீயே சொல்லு. புதுசா வந்த பொண்ணு ஒரு நாள் உக்காந்தா, ரெண்டே நிமிஷத்துல சூப்பர்வைசர் வந்து "கேமராவுல அசிங்கமா தெரியுது"ன்னாரு. நான் சீனியர், பக்கத்துலதான் நின்னேன். வாய தொறக்கல. புடவைய மடிச்சிட்டே இருந்தேன்.

அது ஆனி மாசம். அதுல இருந்துதான் உனக்கும் பதில் போட மனசு வரல, சீசன்னு மேல எழுதுனது பாதி பொய்.

நாளைக்கு அந்த டப்பாவெல்லாம் ரேக்குல ஏத்திட்டு ஸ்டூல வெளிய இழுத்துப் போடப் போறேன். அந்தப் பொண்ணு உக்காருவாளான்னு தெரியல, நான் உக்காருவேன். என்ன நடந்துச்சுன்னு எழுதுறேன்.

மே மாசம் நீ வந்தா விஜிபி போலாம். இப்ப பக்கத்துலயே மீன் காட்சி எல்லாம் வந்திருக்கு, கண்ணாடி சுரங்கத்துக்குள்ள நடந்து போகணுமாம், தலைக்கு மேல சுறா. வாசல்ல சிலை யாராச்சும் நின்னா நீ ஆடக்கூடாது, சொல்லிட்டேன்.

உன் தயிர்சாத டப்பா இன்னும் எங்கிட்டதான் இருக்கு. மூடி காணோம்.

உன்
செல்வி